பகல் ஒன்றரை மணி

அல்லிநகரம்,
6 ஜனவரி 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு யுவராணி எழுதுவது.

உங்கள் உடம்பும் பெரியம்மா உடம்பும் எப்படி இருக்கிறது? இந்தக் குளிரில் பெரியம்மாவின் முழங்கால் சும்மா இருக்காது. தைலம் ஒரு புட்டி வருசநாடு பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். உங்கள் ஊர் நிறுத்தத்து டீக்கடையில் இறக்கிவைப்பதாக கண்டக்டர் சொன்னார்.

உங்களிடம் போன் இல்லாமல் பதினோரு வருஷம் ஆகிறது. நேரில் வந்தாலோ, நான் அப்பா பெயரை எடுத்ததும் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். நீங்கள் எழுந்து போனாலும் இது அங்கேயே கிடக்கும்.

விஷயம் இதுதான். வருகிற வைகாசியில் அப்பாவுக்கு எழுபது முடிகிறது. நாடக மன்றத்தில் 'கர்ணன் எழுபது' என்று ஒரு மலர் போடுகிறார்கள். செயலாளர் சங்கரலிங்கம் மாமாவுக்கு ஒரு யோசனை. முப்பத்தெட்டு நாடகம் எழுதிய ஒரு மனிதரைப் பல ஜோதிடங்களில் பார்த்து, யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று அடுத்தடுத்துப் போட வேண்டுமாம். நம் ஜாதகம், நாடி ஓலை, கேரளப் பிரசன்னம், வெள்ளைக்காரர் முறை, சீனர் முறை, எண் கணிதம்.

1971இல் நீங்கள் கைப்பட எழுதிய அப்பாவின் ஜாதக நோட்டு உங்களிடம் இருக்கிறது. அனுப்பினால் நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பிவிடுகிறேன். பிறந்த நேரமும் வேண்டும். அப்பாவைக் கேட்டால், "அதெல்லாம் அண்ணன்கிட்டதான் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அப்பா நன்றாக இருக்கிறார். மாடிப்படி மட்டும் நின்று நின்று ஏறுகிறார்.

பொங்கலுக்குப் பெரியம்மா கையால் சாப்பிட முடியாத வருத்தத்துடன்,
உங்கள் மகள் யுவராணி


மயிலாடும்பாறை,
11 ஜனவரி 2025

மகள் யுவராணிக்குப் பெரியப்பன் ஈஸ்வரபாண்டியின் ஆசீர்வாதம்.

நாங்கள் சுகம். தைலம் வந்தது. உன் பெரியம்மா ராக்கம்மாள் அதை முழங்காலில் தேய்க்காமல் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்கிறாள். இலவ மரம் இந்த வருஷம் நன்றாகக் காய் பிடித்திருக்கிறது.

போன் இல்லை என்று எழுதியிருக்கிறாய். ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுத்தில் இருக்கட்டும். பதினோரு வருஷத்துக்கு முன் எங்கள் ஊர்த் திருவிழாவில், என் ஜனங்களுக்கு நடுவில் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, உன் அப்பன் 'கட்டத்துக்குள் கந்தையா' என்ற நாடகத்தைப் போட்டான். அதில் கந்தையா என்று ஒரு ஜோதிடன். சுருளி என்கிற நடிகன் என்னைப் போலவே இடது தோளில் துண்டு போட்டு, என்னைப் போலவே கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொண்டு வந்தான். "பொறுங்கப்பா, ராகு காலம் முடியட்டும், பொறகு தும்முறேன்" என்றான். ஊரே சிரித்தது. இரண்டாம் காட்சியில் எழுந்து வந்துவிட்டேன். அதன் பிறகு ஆறு மாதம் முகம் தெரியாதவன் எல்லாம் போன் செய்து, "பெரியவரே, இப்பத் தும்மலாமா?" என்று கேட்டான். போனைக் கிணற்றில் போட்டேன். தம்பியிடம் பேச்சை நிறுத்தினேன். இதுவரை ஒரு மன்னிப்பு வரவில்லை.

நோட்டு வராது. என் கையெழுத்து சங்கரலிங்கம் மேஜையில் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. வேண்டிய அளவு நானே எழுதுகிறேன், அப்படியே போடச் சொல்.

மன்மத வருஷம், வைகாசி பத்து, செவ்வாய்க்கிழமை, திருவாதிரை, மிதுன ராசி. பிறந்த நேரம் பகல் ஒன்றரை மணி. சிம்ம லக்னம். இவனுக்கு யாரும் கட்டளை போட முடியாது. தலை குனியாது. தான் செய்தது தப்பு என்று தெரிந்தாலும் நாக்கு வராது. கூட்டம் வேண்டும், கைதட்டல் வேண்டும். இவை எல்லாம் சிம்மத்தின் குணம். எழுத்துக்கு இந்த ஜாதகத்தில் இடம் இல்லை. எழுதினான் என்றால் அது வீம்பு.

நான் ஐந்தாம் வகுப்பு. தேனி பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடையில் ஒவ்வொன்றாக வாங்கி, வாத்தியார் இல்லாமல் படித்தவன். ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால், சூரியன் பனைமரத்துக்கு மேலே இருந்தது, மாடு தண்ணீருக்குப் போனது என்று நேரம் சொல்வார்கள். அரவை மில் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த ஜாதகம் உன் அப்பனுடையது ஒன்றுதான். குறித்தவன் நான்.

மாடிப்படி பற்றி எழுதியிருந்தாய். எழுபது வயசில் எல்லோரும் நின்றுதான் ஏறுவார்கள்.

பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறேன்.
பெரியப்பன்


அல்லிநகரம்,
20 ஜனவரி 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

கரும்பு வந்தது. அப்பா இரண்டு கணு தின்றார். யார் கொடுத்தது என்று கேட்கவில்லை, தெரிந்துதான் தின்றார். பெரியம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்லுங்கள். தீர்ந்தால் இன்னொன்று வரும்.

பிரசன்னம் தவிர மற்ற ஜோதிடங்கள் வந்துவிட்டன. வெள்ளைக்காரர் கணக்கில் அப்பா மிதுனம். இரட்டை மனசு, ஓயாத பேச்சு, ஒருவர் வாயால் பத்துப் பேர் பேசுவார் என்று இருக்கிறது. சீனர் கணக்கில் 1955 ஆட்டு வருஷம். கலையில் பிரியம், பாராட்டு இல்லாவிட்டால் வாடிப்போவார். எண் கணிதத்தில் 24, கூட்டினால் ஆறு, சுக்கிரன், மேடை. நாடி ஓலைக்குக் கட்டைவிரல் ரேகை கொடுத்தோம். 'பொய்க் கதையை மெய்போலச் சொல்லிப் பிழைப்பான், மூத்தவனோடு பேச்சு இராது' என்று வந்தது. சங்கரலிங்கம் மாமா துள்ளிக் குதிக்கிறார். எழுத்து இல்லை என்று சொன்னது நீங்கள் ஒருவர்தான்.

பெரியப்பா, முதல் கடிதத்தில் நான் முழுதும் எழுதவில்லை. மலர் நிஜம்தான். ஆனால் நான் நோட்டைக் கேட்டது மலருக்காக மட்டும் இல்லை.

அப்பாவுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. நவம்பரிலேயே தெரியும். மதுரையில் பார்க்கிற டாக்டர் ஜஸ்டின் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்கிறார். அப்பா மாட்டேன் என்கிறார். காரணம் உங்கள் நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில், 'எழுபது நடக்கும் வருஷம், கேது திசையில் சனி புத்தி, இரும்பால் கண்டம், உடம்பில் ஆயுதம் படக் கூடாது' என்று எழுதியிருக்கிறீர்களாம். அப்பாவுக்கு அது மனப்பாடம். வைகாசி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். டாக்டர் வைகாசி வரை தாங்காது என்கிறார்.

"எழுத்து இல்லைன்னு எழுதினது பொய்யாப் போச்சுல்ல, இதையும் தள்ளுங்கப்பா" என்றேன். "நாப்பத்தொண்ணுல பொண்டாட்டிய இழப்பான்னும் எழுதியிருந்தாக. உங்கம்மா அந்த வருசந்தான் போனா" என்றார்.

நான் கணக்கு டீச்சர். எனக்கு ஜோதிடம் தெரியாது. ஆனால் ஆபரேஷன் செய்துகொள் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் அப்பா கேட்பார். அந்த ஒரு வரியை அனுப்புங்கள்.

யுவராணி


மயிலாடும்பாறை,
30 ஜனவரி 2025

மகள் யுவராணிக்கு,

இருவரும் சௌக்கியம். உன் கடிதம் வந்த அன்று முதல் உன் பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சொல்ல வேண்டியதை நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் உன் ஜோதிடங்கள். வெள்ளைக்காரன் சூரியனைப் பார்த்து மிதுனம் என்கிறான், நான் சந்திரனைப் பார்த்து மிதுனம் என்கிறேன். தெரியாமல் சரியாகச் சொன்னால் அது சரி ஆகாது. சீனாக்காரன் சொல்வதைப் பார்த்தால் அந்த வருஷம் பிறந்த நம் ஊர்க்காரன் அத்தனை பேரும் நாடகம் எழுதியிருக்க வேண்டும். என் சேக்காளி ஒருவனும் அதே வருஷம்தான், அவனுக்குக் கையெழுத்தே வராது. நாடி ஓலையில் வந்த மூத்தவன் சங்கதி ஓலையில் இருந்ததல்ல, கூடப் போன சங்கரலிங்கத்தின் வாயில் இருந்தது.

அடுத்தது உன் ஒரு வரி. நான் எழுதியதை அடிக்கிறவன் அல்ல. சிம்ம லக்னத்துக்குச் சனி ஆறுக்கும் ஏழுக்கும் உடையவன். ஆறு நோய். ஏழு மாரகம், உயிருக்கு ஆபத்தான இடம். சனிக்கு உலோகம் இரும்பு. கட்டம் சொல்வதைத்தான் எழுதினேன். உனக்கு வேண்டும் என்பதற்காகக் கட்டத்தை மாற்றினால் நான் கந்தையாவை விடக் கேவலமானவன்.

பரிகாரம் உண்டு. சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போடு. உன் அப்பனால் முடியாவிட்டால் அவன் வேட்டியில் ஒரு துண்டு கிழித்துத் திரி போடு.

ஊர் கூட்டி என் கட்டத்தைச் சிரிக்க வைத்தவன், இப்போது அதையே பிடித்துக்கொண்டு கிடக்கிறானா? மேடையில் நம்பாதவன் படுக்கையில் நம்புகிறானா? கேட்டுச் சொல்.

அவன் வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறானா என்றும் எழுது.

பெரியப்பன்


அல்லிநகரம்,
12 பிப்ரவரி 2025

பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அப்பா மாத்திரை சாப்பிடுகிறார். குச்சனூர் போய்வந்தேன். விளக்கு நன்றாக எரிந்தது, அடைப்பு அப்படியேதான் இருக்கிறது.

நீங்கள் கேட்டதை அப்பாவிடம் கேட்டேன். "மேடையில நின்னா நான் கர்ணன். படுத்தா ஈஸ்வரபாண்டி தம்பி" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கரலிங்கம் மாமாவும் நானும் பிரசன்னம் பார்க்கக் குமுளிக்குப் போனோம். வயதான ஒரு பணிக்கர். நீங்கள் எழுதிய கட்டத்தைக் கையில் வாங்கினார், சோழியை உருட்டினார், மறுபடி உருட்டினார். மூன்றாம் முறை உருட்டிவிட்டுக் கட்டத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "ஜனன சமயம் தெற்றாணு" என்றார். பிறந்த நேரம் தப்பு என்கிறார். இந்தக் கட்டம் உங்கள் அப்பாவின் கட்டமே இல்லை, நேரம் குறித்த ஆளைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "எங்கண்ணன் குறிச்ச நேரமா தப்பு? கடியாரமே அவுககிட்டக் கேட்டுட்டுத்தான் ஓடும்" என்றார்.

சங்கரலிங்கம் மாமா லக்னம் மாறுகிற விளிம்பு எங்கே என்று பார்த்தார். அன்றைக்குச் சிம்மம் ஒன்றே முக்காலுக்கு முடிகிறதாம். பதினைந்து நிமிஷம்தான் பெரியப்பா. அறுபத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய மில் கடிகாரம். அது மெதுவாக ஓடியிருக்கலாம், நீங்கள் முள்ளைக் கொஞ்சம் முன்னே பின்னே பார்த்திருக்கலாம். அப்படி ஏதாவது உண்டா?

யுவராணி


அல்லிநகரம்,
3 மார்ச் 2025

பெரியப்பாவுக்கு,

பத்தொன்பது நாளாகிறது. பதில் இல்லை. பெரியம்மா நலமா என்றாவது எழுதியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா நாற்காலியில் இருந்து சரிந்துவிட்டார். சுருளி அண்ணன்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார். ஏப்ரல் முதல் வாரத்துக்கு மேல் தன் பொறுப்பு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

யுவராணி


மயிலாடும்பாறை,
8 மார்ச் 2025

யுவராணிக்கு,

ராக்கம்மாள் நலம். எனக்கும் ஒன்றும் இல்லை. காய் பறிப்பு நடக்கிறது. பதில் எழுத நேரம் இல்லை.

நான் பார்த்த மணியை யாரும் இதுவரை கேள்வி கேட்டதில்லை. அய்யா கேட்டதில்லை, ஆத்தா கேட்டதில்லை. ஒரு பணிக்கர் சோழியை உருட்டிச் சொல்லிவிட்டாராம், நீயும் அதை எழுதி அனுப்புகிறாய். அந்தக் கடிகாரம் நன்றாகத்தான் ஓடியது. அதன் மேல் பழி போடாதே.

நேற்று மில் இருந்த இடத்துக்குப் போய்வந்தேன். இப்போது சிமெண்ட் கடை. ஊர் மந்தைவெளி அப்படியே இருக்கிறது. மில்லுக்கும் மந்தைக்கும் நடந்து பார்த்தேன், நூற்றிருபது அடி வைத்தேன். சின்னப் பையனுக்கு இருநூறு இருக்கும்.

உன் அப்பன் இப்போது என்ன எழுதிக்கொண்டிருக்கிறான்? அதிலும் நான் வருகிறேனா? விழுந்தபோது தலையில் அடி பட்டதா என்று நீ எழுதவில்லை.

ஈஸ்வரபாண்டி


அல்லிநகரம்,
14 மார்ச் 2025

பெரியப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்ததே போதும். அப்பாவுக்குத் தலையில் அடி இல்லை. இப்போது எதுவும் எழுதவில்லை. பேனாவைத் தொட்டே ஒரு மாதம் ஆகிறது.

ஆனால் நீங்கள் இன்னும் ஒன்றை வாசிக்கவில்லை. கந்தையா நாடகத்தில் இரண்டாம் காட்சியோடு எழுந்து போய்விட்டீர்கள். அதற்கு ஏழு காட்சி. கதாநாயகன் கந்தையாவின் தம்பி, பெயர் செல்லையா. ஊரில் எல்லோரும் கைவிட்ட பிறகு அவன் பக்கத்தில் கடைசிவரை இருப்பது கந்தையா மட்டும்தான். கடைசிப் பக்கத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. படிக்காமல் கிழித்துவிடுவீர்களோ என்று பயந்து, இங்கேயும் எழுதுகிறேன்.

செல்லையா: அண்ணே, ஒன் கட்டம் எனக்கு எழுத்து இல்லேன்னுச்சு. அந்தக் கோவத்துலதான் எழுதுனேன். நீ சரியாச் சொல்லியிருந்தா நான் சும்மா திரிஞ்சிருப்பேன்.
கந்தையா: அப்ப ஒன் எழுத்துல எனக்கு என்னடா பங்கு?
செல்லையா: பாதி. ஆனா பேரு போட மாட்டேன்.

அன்று இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சுருளி அண்ணன் அழுதுவிட்டார். அப்பா ஓரத்தில் நின்று, நீங்கள் எழுந்து போன காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.
யுவராணி


மயிலாடும்பாறை,
19 மார்ச் 2025

மகள் யுவராணிக்குப் பெரியப்பன் ஈஸ்வரபாண்டி எழுதுவது. நானும் உன் பெரியம்மாவும் சுகம். இந்தக் கடிதத்தை உன் அப்பன் முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசி. நடுவில் அவன் பேச வந்தால் நிறுத்தாதே.

பாதி என்று எழுதியிருக்கிறான். முக்கால். அது பிறகு.

அவன் பிறந்த அன்று எனக்கு ஒன்பது வயது. வீட்டில் கடிகாரம் இல்லை. ஊரில் ஓடுகிற கடிகாரம் அரவை மில் சுவரில் இருந்த ஒன்றுதான். ஆத்தாவுக்கு வலி எடுத்ததும் அய்யா என்னைக் கொண்டுபோய் அதன் அடியில் உட்கார வைத்தார். "புள்ள விழுந்ததும் ஒங்க அத்தை தாம்பாளத்தத் தட்டும். சத்தம் கேட்ட நிமிசம் முள்ளு ரெண்டும் எங்கன இருக்குன்னு பாத்துக்க. அங்கன இங்கன அசஞ்ச, தோல உரிச்சுருவேன்லே" என்றார்.

காலையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பகல் ஒன்றரைக்கு மில்லை நிறுத்திச் சாப்பிடப் போனார்கள். ரெண்டரைக்குத்தான் மறுபடி ஓடும். சத்தம் அடங்கியதும் மந்தையில் வண்டி மாடுகளின் மணி கேட்டது. மூன்று வண்டி. திருவிழாவுக்கு நாடகம் போட வந்தவர்கள். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

தகரப் பெட்டிகளை இறக்கினார்கள். கிரீடம் வைத்த பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்தார்கள். மூங்கில் நட்டார்கள், குழி தோண்டி நாலு மூங்கிலையும் நட்டு முடிக்கிறவரை நின்றேன். பிறகு சுருட்டி வைத்திருந்த திரையைக் கயிற்றில் கட்டி ஏற்றிப் பார்த்தார்கள். அரண்மனை எழுதிய திரை. தூணுக்குப் பின்னால் தூண், அதற்குப் பின்னால் ஒரு தோட்டம். அது துணி என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அது மேலே ஏறிக்கொண்டிருந்தபோது எங்கேயோ தாம்பாளம் தட்டும் சத்தம் கேட்டது. நாடகக்காரர்கள் தட்டுகிறார்கள், திரை ஏறினால் தட்டுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். நான் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மில் ஓட ஆரம்பித்தது. அப்போதுதான் ஞாபகம் வந்து ஓடினேன். வாசலில் அய்யா. "மணி பாத்தியாலே?" என்றார். "பாத்தேன், ஒண்ணரை" என்றேன். நான் கடைசியாகப் பார்த்த மணி அதுதான். முழுப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

இருபத்தைந்து வயசில் ஜோதிடம் படித்து, முதன்முதலில் அவன் கட்டத்தைத்தான் போட்டேன். போடும்போதே நேரம் தப்பு என்று எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருக்கலாம். ஐந்தாம் வகுப்புக்காரன் படித்த படிப்பு, முதல் கணக்கிலேயே தப்பு என்றால் ஊரில் எவன் என்னிடம் வருவான்? அய்யா அந்த நோட்டை நம்பித்தான் இவனைக் கல்லூரிக்கு அனுப்பாமல் தோட்டத்தில் விட்டார். இவன் ஓடிப்போய் நாடகத்தில் சேர்ந்தான். அன்று மந்தையில் நின்று, இந்த வண்டிகளோடு போய்விட வேண்டும் என்று நினைத்தவன் நான். போனவன் அவன். எனக்குத் தோட்டம். இந்த வருத்தத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை, கணக்குக்காக எழுதுகிறேன்.

உன் அம்மா விஷயம். தப்பான கட்டத்தைப் பார்த்து எழுதியது தற்செயலாக நடந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பெரிய ஜோதிடன் என்றார்கள். நான் அன்றைக்கு நோட்டைப் பரண்மேல் போட்டவன், உன் முதல் கடிதம் வந்த பிறகுதான் இறக்கினேன். சொர்ணம் போன்ற பெண். அவள் சாவு என் கட்டத்தில் இல்லை. எந்தக் கட்டத்திலும் இல்லை. இதை அவனுக்கு இரண்டு தடவை வாசி.

இனி கணக்கு. தாம்பாளம் தட்டியது நாலு மூங்கிலும் நட்ட பிறகு, மில் ஓடுமுன். ரெண்டுக்கு மேல், ரெண்டரைக்குள். அப்படியானால் சிம்மம் இல்லை, கன்னி லக்னம். கன்னிக்கு அதிபதி புதன், எழுத்துக்காரன். கன்னிக்குச் சனி ஏழுக்கு உடையவன் அல்ல. ஐந்துக்கும் ஆறுக்கும் உடையவன். ஐந்து கற்பனை. அவன் உட்கார்ந்திருப்பது துலாம், அதாவது இரண்டாம் இடம், வாக்கு. அங்கே அவன் உச்சம். கற்பனைக்கு உரியவன் வாக்கில் உச்சம் என்றால் நாடகம் எழுதாமல் என்ன செய்வான்? ஆறு நோய். நோய் உண்டு. அதை அறுக்க இரும்பு வேண்டும். அவ்வளவுதான் அர்த்தம். கண்டம் இல்லை.

சாஸ்திரம் தப்பவில்லை. மணி தப்பு. இதை மலரில் போடும்போது இப்படியே போட வேண்டும், ஒரு சொல் மாறக் கூடாது. பணிக்கருக்கு என் வணக்கம், சங்கரலிங்கத்துக்கு இல்லை.

ஏப்ரல் இரண்டு புதன்கிழமை. லக்னாதிபதி கிழமை. காலை ஆபரேஷன் வைத்துக்கொள்ளச் சொல்.

ஈஸ்வரபாண்டி


அல்லிநகரம்,
26 மார்ச் 2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவுக்கும் உங்களுக்கும் என் வணக்கம். சொன்னபடி வாசித்தேன். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னதை அப்பா மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்.

மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே, "அப்ப மொத நாடகப் பைத்தியம் அவுகதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நாலு மூங்கில் நடுற வரைக்கும் நின்னிருக்காக பாரு" என்றார். அதன் பிறகு சம்மதப் படிவத்தை எடுத்துவரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

டாக்டரிடம் ஏப்ரல் இரண்டு கிடைக்குமா என்று கேட்டேன். காலியாக இருந்தது. மதுரைக்குக் காலை ஏழு மணிக்குள் வந்துவிட வேண்டும். நீங்கள் வருவீர்களா என்று அப்பா கேட்கவில்லை. மாடி ஜன்னலில் இருந்து பஸ் நிலையப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யுவராணி


மயிலாடும்பாறை,
7 ஏப்ரல் 2025

தம்பி கர்ணனுக்கு அண்ணன் ஈஸ்வரபாண்டியின் ஆசீர்வாதம்.

நானும் உன் மதினியும் சுகம். நீ கண்ணாடி அறையில் இருந்து வார்டுக்கு வந்துவிட்டாய் என்று யுவராணி தந்தி மாதிரி நாலு வரி எழுதியிருந்தாள். பைய நட. உப்பைக் குறை. யாராவது தும்மினால் தள்ளி நில்.

நான் வந்ததும் நீ கண் விழிக்குமுன் பஸ் ஏறியதும் உனக்குத் தெரிந்திருக்கும். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. என்னை மேடையில் ஏற்றியதற்கு நீ இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்ட பிறகு நேரில் பேசலாம். கடைசிப் பக்கம் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஏழாம் காட்சி நீளம், குறை. அந்தப் பாதியை முக்கால் என்று திருத்து. பேர் போட வேண்டாம்.

அடுத்து என்ன எழுதப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. மந்தையில் ஏறிய அந்தத் திரையை எடுத்துக்கொள்வாய் என்று தெரியும். எடுத்துக்கொள். அரண்மனைத் தூண் மொத்தம் ஆறு, நீல நிறம். தப்பாக எழுதினால் இந்தத் தடவையும் எழுந்து போவேன்.

நோட்டில் பழைய பக்கங்களைக் கிழிக்கவில்லை. என் கை எழுதியதை என் கை கிழிக்காது. கன்னிக்குப் புதுக் கட்டம் போட்டுப் பின்னால் வைத்திருக்கிறேன். அதற்கு அடுத்த பக்கத்தில் இன்னொன்று குறித்திருக்கிறேன்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே சுவரில் ஒரு கடிகாரம். அதற்கு நேர் கீழே ஒரு நாற்காலி. அதில் போய் உட்கார்ந்தேன். யுவராணி டீ வாங்கி வந்தாள், வேண்டாம் என்றேன். சுருளி வந்து காலைத் தொட்டான், உட்கார்ந்தபடியே ஆசீர்வாதம் செய்தேன். எதிர்ச் சுவரில் டிவி இருந்தது. அதில் ஏதோ ஒரு நாடகம் ஓடியது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், சிரித்தார்கள். கைதட்டும் சத்தம்கூடக் கேட்டது. நான் திரும்பவில்லை.

உள்ளே போனது காலை எட்டு மணி பதினாறு நிமிஷம். பிழைத்துக்கொண்டான் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னது பகல் ஒன்று நாற்பத்தெட்டு.

நேரம் குறித்தவன்,
ஈஸ்வரபாண்டி